வெளிநாடு கிளம்புமுன் டேட்டா ரோமிங்கை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை நெருங்கினால் சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய், இலங்கை என்று சுற்றுலா விளம்பரங்கள் நாளிதழ்களை நிறைக்கின்றன. விமான டிக்கெட், ஓட்டல், விசா, காலைச் சாப்பாடு வரை எல்லாம் அவற்றில் இருக்கும். கைபேசி டேட்டாவுக்கு என்ன ஏற்பாடு என்பது மட்டும் எதிலும் இருப்பதில்லை. கிளம்பும் நாளில் உறவினர் யாரையாவது போனில் கேட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். திரும்பி வந்து பில்லைப் பார்த்ததும், "நான் ஒண்ணுமே பார்க்கலையே, எப்படி இவ்வளவு வந்தது?" என்று சேவை மையத்தில் வந்து நிற்கிறார்கள். திருச்சியில் கைபேசிச் சேவைத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு இது பழகிப்போன கேள்வி. இதற்கான பதிலைப் பயணத்துக்கு முன்பே மக்கள் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

"ஒண்ணுமே பார்க்கலை" என்பது பெரும்பாலும் உண்மைதான். விமானம் தரையிறங்கி, கைபேசி அந்நாட்டு நெட்வொர்க்கைப் பிடித்த நொடியிலிருந்து தன் வேலையைத் தானே தொடங்கிவிடுகிறது. இரவெல்லாம் குடும்பக் குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்களை வாட்ஸ்அப் இறக்குகிறது. விமான நிலையத்தில் எடுத்த படங்களை கூகுள் போட்டோஸோ ஐகிளவுடோ மேலே ஏற்றுகிறது. மின்னஞ்சல் புதுப்பிக்கப்படுகிறது, செயலிகள் அப்டேட் ஆகின்றன. ஊரில் தினமும் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி கிடைப்பதால் இந்தச் செலவு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. நம் சிம் வெளிநாட்டு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் ஓடுவதுதான் ரோமிங். பேக் இல்லாத ரோமிங்கில் டேட்டாவுக்கு எம்பி கணக்கில் காசு. ஒரு எம்பிக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 1 ஜிபிக்கு 10,240 ரூபாய் ஆகிவிடும். ஐபோனில் 4கே தரத்தில், விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் ஒரு நிமிடம் வீடியோ எடுத்தால் சுமார் 170 எம்பி என்று அதன் கேமரா செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கிறது. அப்படி ஒரேயொரு நிமிட வீடியோ தானாக மேலே ஏறினால், இந்தக் கணக்குப்படி 1,700 ரூபாய்.

ஆகவே முதல் வேலையை வீட்டில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணையுங்கள். சாம்சங் கைபேசியில் செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ் என்று போனால் அந்தப் பொத்தான் இருக்கும். மற்ற ஆண்ட்ராய்டுகளில் நெட்வொர்க் பகுதிக்குள் சிம்மைத் தேர்ந்தெடுத்தால் ரோமிங் என்று வரும். ஐபோனில் மொபைல் டேட்டா பகுதியில் அந்த சிம்மைத் தொட்டால் டேட்டா ரோமிங் கிடைக்கும். இரண்டு சிம் போட்ட கைபேசிகளில் இன்னொரு பொத்தானையும் தேடிப் பிடித்து அணைக்க வேண்டும். ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் டேட்டாவைத் தானாக மறு சிம்முக்கு மாற்றும் வசதி அது. ஐபோனில் 'அலோ மொபைல் டேட்டா ஸ்விட்சிங்' என்றும், சாம்சங்கில் சிம் மேனேஜருக்குள் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்' என்றும் இருக்கும். வெளிநாட்டு சிம்மை டேட்டாவுக்குப் போட்டிருக்கும்போது சுரங்க ரயிலிலோ மின்தூக்கியிலோ சிக்னல் போனால், இந்த வசதி சத்தமில்லாமல் இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும்.

டேட்டா ரோமிங்கை அணைத்தால் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். நிற்காது. ரோமிங் சேவை வேறு, டேட்டா ரோமிங் வேறு. எண்ணில் சர்வதேச ரோமிங் சேவை திறந்திருந்தால் டேட்டா அணைந்திருக்கும்போதும் வங்கி ஓடிபி வந்து சேரும். உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்கு நம் நிறுவனங்கள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சில ப்ரீபெய்டு எண்களில் ரோமிங் பேக் ஒன்றைப் போட்டால்தான் வெளிநாட்டில் சிக்னலே ஏறும். அப்படியானால், இருப்பதிலேயே சின்ன பேக் ஒன்றை ஓடிபிக்காகவே போட்டுக்கொள்வது நல்லது. இந்திய சிம்மைக் கழற்றிப் பர்ஸில் வைக்கும் வழக்கத்தை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கார்டு, நெட் பேங்கிங் எல்லாவற்றுக்கும் ஓடிபி வேண்டும். வங்கிச் செயலிகளும் யுபிஐ செயலிகளும் பதிவு செய்த சிம் கைபேசியில் இருக்கிறதா என்று பார்க்கின்றன. கழற்றிய சிம் தொலைந்துவிட்டால், மாற்று சிம் வாங்க ஊர் திரும்பும்வரை வழியிருக்காது.

குரல் அழைப்பு தனி விஷயம். டேட்டாவை அணைத்திருந்தாலும் இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்துப் பேசினால் நிமிடக் கணக்கில் காசு. கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புக்கும் அதே கட்டணம்தான். மணி அடிக்கட்டும், எடுக்காமல் விட்டு, யார் என்று பார்த்து வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம். அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி போட்டிருப்பவர்கள் கிளம்புமுன் ##002# என்று டயல் செய்து எல்லாத் திருப்பல்களையும் ரத்து செய்துவிட வேண்டும். எடுக்காத அழைப்பு வெளிநாடு வரை வந்து, அங்கிருந்து மறுபடி இந்தியாவுக்குத் திரும்பினால் இரண்டு பக்கமும் கட்டணம் விழக்கூடும்.

இனி டேட்டாவை எங்கிருந்து எடுப்பது? மூன்று வழிகள்: நம் நிறுவனத்தின் ரோமிங் பேக், அந்நாட்டுச் சுற்றுலா சிம், பயண இ-சிம் (அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே பதியும் சிம்). நான்கைந்து நாள், ஒரே நாடு, கூட வருபவர்கள் வயதானவர்கள் என்றால் ரோமிங் பேக்கே போதும். காசு சற்றுக் கூடினாலும் எதையும் கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே நாட்டில் தங்குவோருக்கு உள்ளூர் சிம்தான் ஜிபி கணக்கில் மலிவு. இரண்டு மூன்று நாடுகளுக்குப் போவோருக்கு இ-சிம் ஒத்துவரும். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் தொகைகளை இங்கே எழுதவில்லை. பேக்கின் விலையை நாட்களாலும் ஒரு முறை, ஜிபியாலும் ஒரு முறை வகுத்துப் பார்த்தால் எது கட்டுப்படியாகும் என்பது உடனே தெரிந்துவிடும்.

ரோமிங் பேக் போடும்போது பலரும் விலையை மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. போகும் நாடு பட்டியலில் இருக்கிறதா? அந்நாட்டில் எந்த நெட்வொர்க்கில் பேக் செல்லும்? பேக் எப்போது தொடங்கும்: ரீசார்ஜ் செய்த நேரத்திலிருந்தா, நாம் குறித்த தேதியிலா, முதல்முறை வெளிநாட்டு நெட்வொர்க்கில் ஏறும்போதா? ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, இந்திய நேரப்படி நள்ளிரவு வரையா? டேட்டா தீர்ந்தால் நின்றுவிடுமா, எம்பி கணக்கில் ஓடுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் 'ஓடும்' என்றால் போஸ்ட்பெய்டுகாரர்கள் கவனமாக இருக்க வேண்டும். ப்ரீபெய்டில் இருப்புத் தொகையோடு நஷ்டம் நிற்கும். தனியாகப் பயணம் போகும் பெற்றோருக்கு ப்ரீபெய்டுதான் பாதுகாப்பு என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான். 'அன்லிமிடெட்' என்று எழுதியிருந்தால் குறிப்பிட்ட ஜிபிக்குப் பிறகு வேகம் எவ்வளவாகக் குறையும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 64 கேபிபிஎஸ் என்ற மிக மெதுவான வேகத்தில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், வரைபடம் திறக்காது.

இணைப்பு விமானத்தில் போவோருக்கு இன்னொரு சிக்கல். அமெரிக்காவுக்கு தோஹா வழியாகப் போகும்போது, தோஹாவில் கைபேசியைத் திறந்தால் அது அங்குள்ள நெட்வொர்க்கில் ஏறும். நாட்டுப் பட்டியலில் கத்தாரும் இருந்தால் பேக்கின் நாள் கணக்கு அங்கேயே ஓடத் தொடங்கலாம். பட்டியலில் இல்லையென்றால் சாதாரண ரோமிங் கட்டணம். இடையில் இறங்கும் விமான நிலையத்தில் ஃபிளைட் மோடை எடுக்காமல் வைஃபையை மட்டும் திறந்துகொள்ளுங்கள்.

உள்ளூர் சிம் வாங்கப் பல நாடுகளில் பாஸ்போர்ட் வேண்டும். சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 நிறுவனங்களின் சுற்றுலா சிம்கள் சாங்கி விமான நிலையத்திலேயே கிடைக்கும். இலங்கையில் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் டயலாக், மொபிடெல் கவுண்டர்கள் இருக்கின்றன. கவுண்டரிலேயே சிம்மைப் போட்டு, ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் அங்கிருந்து நகர வேண்டும். டேட்டா வராவிட்டால் பெரும்பாலும் ஏபிஎன் அமைப்புதான் (இணையத்துக்குப் போகும் வழியைக் கைபேசிக்குச் சொல்லும் செட்டிங்) கோளாறு. பழைய சிம்மின் ஏபிஎன்னோ தவறான ஏபிஎன்னோ உட்கார்ந்திருக்கும். கவுண்டரில் இருப்பவரே ஒரு நிமிடத்தில் மாற்றித் தருவார், ஓட்டலில் போய் உட்கார்ந்து தேடினால் அரை நாள் போய்விடும். வாட்ஸ்அப்பைத் திறந்ததும் 'எண் மாறிவிட்டதா' என்று கேட்டால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். புது எண்ணுக்கு மாற்றினால் குழுக்கள் எல்லாவற்றுக்கும் அறிவிப்பு போகும், திரும்பி வந்து மறுபடி மாற்ற வேண்டும்.

ஜொகூர் பாருவில் தங்கி சிங்கப்பூரைச் சுற்றிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பாலம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். மலேசியக் கரையில் இருக்கும்போதே கைபேசி சிங்கப்பூர் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். மலேசியாவுக்கு மட்டும் பேக் போட்டவர்களுக்கு இது தெரியாமல் ஏறும் கட்டணம். நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, பேக்கில் சொல்லப்பட்ட நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்தால் தீர்ந்தது.

ஐரோப்பாவில் இந்த எல்லைப் பிரச்சினை வேறு மாதிரி. 2017 ஜூன் 15 முதல், ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய சிம் மற்ற ஒன்றிய நாடுகளிலும் நியாயமான அளவுக்கு உட்பட்டுக் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி வேலை செய்கிறது. இந்த ஏற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பாரிஸில் வாங்கிய சிம் ரோமிலும் வியன்னாவிலும் ஓடும். ஆனால் நம்மூர் சுற்றுலாக் குழுக்கள் பாரிஸுக்கும் இத்தாலிக்கும் நடுவில் கட்டாயம் போகும் சுவிட்சர்லாந்து இந்த ஏற்பாட்டில் இல்லை. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனும் இல்லை. சில நிறுவனங்கள் தாமாகவே சுவிட்சர்லாந்தைச் சேர்த்துத் தருகின்றன. அட்டையில் அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்து இ-சிம். இதில்தான் கேள்விகள் அதிகம். முதலில் கைபேசி இ-சிம்மை ஏற்குமா என்று பாருங்கள். *#06# டயல் செய்தால் ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்று 32 இலக்க எண் வந்தால் பொதுவாக ஏற்கும். ஐபோனில் 2018-இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதல் இந்த வசதி உண்டு. விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் பலவற்றில் இல்லை. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கி வந்து கொடுத்த ஐபோன் 14-ம் அதற்குப் பிந்தியவையும் வைத்திருப்போர், அவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். விமான நிலைய கவுண்டரில் சாதாரண சிம் வாங்கிப் பயனில்லை, அவர்களுக்கு இ-சிம் ஒன்றே வழி.

பயண இ-சிம்மை இணையத்தில் வாங்கும்போது கட்டணம் டாலரில் இருந்தால் கார்டில் சர்வதேசப் பரிவர்த்தனை திறந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதுக் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன, மற்றதை நாம்தான் வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் தனி. வாங்கியதும் ஒரு கியூஆர் படம் வரும். அது அதே கைபேசியின் மின்னஞ்சலில் இருந்தால் கேமராவால் எப்படிப் பிடிப்பது என்று திகைப்பவர்கள் உண்டு. படத்தை வேறொரு கைபேசிக்கு அனுப்பி அதிலிருந்து ஸ்கேன் செய்யலாம், அல்லது கூடவே வரும் முகவரியையும் குறியீட்டையும் கையால் தட்டச்சு செய்யலாம். நிறுவுவதற்கு இணையம் வேண்டும், ஆகவே வீட்டு வைஃபையில் வைத்தே முடித்துவிடுங்கள். பெரும்பாலும் அந்த கியூஆர் ஒரே ஒரு முறைதான் செல்லும். வேலை செய்யவில்லையே என்று இ-சிம்மை அழித்தால் மறுபடி நிறுவ முடியாமல் போகும். பிரச்சினை வந்தால் கைபேசியை அணைத்துத் திறங்கள், அழிக்காதீர்கள்.

சிலருக்குப் போய் இறங்கியதும் இ-சிம்மில் சிக்னல் இருக்கும், இணையம் இருக்காது. இந்தப் புகாருக்கு வழக்கமான காரணம் ஒன்றுதான். டேட்டா ரோமிங்கை அணைக்கச் சொன்னார்கள் என்று இ-சிம்முக்கும் சேர்த்து அணைத்திருப்பார்கள். பயண இ-சிம்களில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம், அது எங்கே போனாலும் ரோமிங்கில்தான் இருக்கும். இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும், பயண இ-சிம்முக்குத் திறந்திருக்க வேண்டும், 'மொபைல் டேட்டாவுக்கு எந்த சிம்' என்ற இடத்தில் இ-சிம்மைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். மூன்றும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ஏபிஎன்னைப் பார்க்கலாம். இந்த இ-சிம்கள் வழியாகப் போகும்போது இணையதளங்களுக்கு நாம் மூன்றாவது நாடு ஒன்றில் இருப்பதாகத் தெரியும். சில வங்கிச் செயலிகள் அதனால் முரண்டு பிடிப்பதுண்டு. பெரும்பாலானவற்றில் டேட்டா மட்டும்தான், பேச எண் கிடையாது.

ஒரே சிம் தட்டு உள்ள கைபேசிக்காரர்கள் சிலர், உள்ளூர் சிம்முக்கு இடம் வேண்டும் என்று இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கிளம்பும் நாளில் செய்யக் கூடாது. சிம் மாற்றியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராதபடி தடை போடப்படுகிறது. மோசடியைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை செய்த ஏற்பாடு அது. விமானத்தில் ஏறும் அன்று மாற்றினால் போய் இறங்கும் நேரத்தில் ஓடிபி வராது. ஒரு வாரம் முன்பே மாற்றி, ஒரு முறை ஓடிபி வரவழைத்துப் பார்த்துவிடுங்கள்.

டேட்டா எவ்வளவு தேவைப்படும்? வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அரை எம்பி அளவில்தான் எடுக்கும். வீடியோ அழைப்பு ஐந்து எம்பியைத் தாண்டும். அரை மணி வீடியோவில் பேரப்பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டினால் 150 எம்பிக்கு மேல் போய்விடும். நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டி தரத்தில் ஒரு மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும் என்று அந்நிறுவனமே சொல்கிறது. வரைபடம், செய்தி, குரல் அழைப்பு, கொஞ்சம் படம் அனுப்புதல் என்று இருந்தால் ஒரு நாளைக்கு 300 எம்பி போதும். வீடியோ அழைப்பு சேர்ந்தால் அரை ஜிபிக்கு மேல். திரைப்படங்களும் அப்டேட்டுகளும் ஓட்டல் வைஃபைக்குக் காத்திருக்கட்டும்.

செயலிகளில் மாற்ற வேண்டியவற்றில் முதலிடம் வாட்ஸ்அப்புக்கு. அதன் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் தானாக இறங்கும் படம், வீடியோக்களுக்கு மூன்று தனித்தனிப் பிரிவுகள் ஆண்ட்ராய்டில் இருக்கும்: மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங். பலர் ரோமிங் என்பதில் மட்டும் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். உள்ளூர் சிம் போட்டால் கைபேசியின் கணக்கில் அது ரோமிங்கே அல்ல, அப்போது மொபைல் டேட்டா பிரிவுதான் செல்லும். இரண்டிலும் டிக்கை எடுங்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் பகுதிக்குள் மொபைல் டேட்டாவையும் ரோமிங்கையும் அணையுங்கள். பிளே ஸ்டோர் அப்டேட்டை வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். ஆண்ட்ராய்டில் டேட்டா சேவர், ஐபோனில் லோ டேட்டா மோட் இரண்டும் பின்னணியில் ஓடுவதை அடக்கும். ஐபோன்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சிம் மாறும்போது ஆப்பிளின் செய்திச் சேவையான ஐமெசேஜ் தன்னைப் பதிவு செய்துகொள்ள இந்திய சிம்மிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு எஸ்எம்எஸ்ஸைத் தானாக அனுப்பக்கூடும், அதற்குக் கட்டணம் உண்டு.

குடும்பத்தில் ஒருவர் பெரிய பேக் போட்டு மற்றவர்களுக்கு ஹாட்ஸ்பாட் கொடுப்பது நல்ல சிக்கனம். பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் வேண்டும், கடைத்தெருவில் பிரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு இணையம் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைப்பவர்கள், விண்டோஸில் அந்த வைஃபையை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அப்டேட் ஒன்றே ஒரு நாள் பேக்கை விழுங்கிவிடும்.

ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா செலவே இல்லை. செலவு, வரைபடப் படங்களை இறக்குவதில்தான். கூகுள் மேப்ஸில் நம் படத்தைத் தொட்டு ஆஃப்லைன் மேப்ஸுக்குள் போய், செல்லும் நகரத்தைக் கட்டம் போட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள். இதில் ஒரு குறை உண்டு. ஆஃப்லைனில் காரில் போகும் வழி மட்டுமே காட்டும், பேருந்து, ரயில், நடை வழிகள் வராது. சிங்கப்பூர் போன்ற ஊரில் எம்ஆர்டி ரயிலும் பேருந்துமே நமக்குத் தேவை என்பதால், கிளம்புமுன் ஓட்டல் வைஃபையில் வழியைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது எளிது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் தாய், ஜப்பானிய மொழிகளை முன்பே இறக்கிவைத்தால் உணவகப் பட்டியலை டேட்டா இல்லாமலே படிக்கலாம். பொது வைஃபையை மட்டும் நம்பிப் போவோருக்கும் ஒரு வார்த்தை. பல இடங்களில் உள்ளே நுழையவே எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி அனுப்புவார்கள். இந்திய சிம் உயிரோடு இல்லையென்றால் வைஃபையும் இல்லை.

துபாய் போவோர் அறிய வேண்டியது: ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. செய்தி, படம், குரல்பதிவு எல்லாம் போகும். வீட்டோடு பேசலாம் என்று பெரிய டேட்டா பேக் வாங்கி ஏமாறாதீர்கள், அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற செயலியை இரு பக்கமும் நிறுவிக்கொள்ளுங்கள். சீனாவில் கூகுளும் வாட்ஸ்அப்பும் உள்ளூர் சிம்மில் வராது. இந்திய சிம்மின் ரோமிங்கில் டேட்டா இந்தியா வழியாகச் சுற்றி வருவதால் அங்கே அவை வேலை செய்யும். ரோமிங் பேக்குக்குக் கூடுதல் காசு கொடுப்பது அங்கே நியாயமான செலவு.

விமானத்திலும் கப்பலிலும் நேர்வது பில்களிலேயே மோசமானது. சில விமானங்களில் செயற்கைக்கோள் வழியாக ஓடும் கைபேசி நெட்வொர்க் உண்டு. ஃபிளைட் மோடு போடாமல் தூங்கிவிட்டால் கைபேசி அதில் ஏறிக்கொள்ளும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்களிலும், கரையை விட்டு நகர்ந்த பிறகு கப்பலின் சொந்த நெட்வொர்க் தெரியும். நாட்டுக்காகப் போட்ட பேக் இந்த இரண்டிலும் செல்லாது, தனி பேக் வேண்டும். கப்பலில் ஃபிளைட் மோடு போட்டு, வேண்டுமென்றால் கப்பலின் வைஃபையை மட்டும் விலைக்கு வாங்குங்கள். சுற்றுலா நிறுவனங்கள் இதைப் பயணத் திட்டத்தாளிலேயே அச்சிட்டால் என்ன? கப்பல் பயணம் உள்ள திட்டங்களிலாவது இரண்டு வரி சேர்க்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்கப் போகும் பெற்றோருக்குக் கணக்கு வேறு. அங்கே பிள்ளைகளின் குடும்பத் திட்டத்தில் ஒரு இணைப்பைச் சேர்ப்பதே மலிவு. ஆனால் நம் கைபேசி அங்கே சரியாக எடுக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்குள்ள மூன்று பெரிய நிறுவனங்களும் 2022-இல் 3ஜியை மூடிவிட்டதால் அழைப்புக்கே வோல்டிஇ (4ஜி வழியாகவே பேசும் வசதி) வேண்டும், சில நிறுவனங்கள் தாங்கள் ஏற்ற மாடல்களுக்கு மட்டுமே அதைத் திறக்கின்றன. அங்கே 4ஜி 2, 4, 12, 13, 66, 71 ஆகிய பேண்டுகளில் (அலைவரிசைகளில்) பரவலாக ஓடுகிறது. இந்தியாவில் விற்கும் விலை குறைந்த கைபேசிகள் பலவற்றில் 1, 3, 5, 8, 40, 41 தான் இருக்கும். வீட்டுக்குள் சிக்னல் இல்லை என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி நின்றுவிட்டது. தாத்தா பாட்டியின் பழைய பொத்தான் போன் அங்கே பயன்படாது.

இத்தனை மாதம் இந்திய எண்ணைக் காப்பதும் முக்கியம். ப்ரீபெய்டு இருப்பில் 20 ரூபாய் இருந்தால், 90 நாள் பயன்பாடு இல்லாதபோதும் அதைக் கழித்துக்கொண்டு எண்ணை மேலும் 30 நாள் தக்கவைக்க, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி இருக்கிறது. எண் உயிரோடு இருந்தாலும் பிளான் முடிந்திருந்தால் ஓடிபி வருமென்று நம்ப முடியாது. டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பேக்குகளைக் கட்டாயமாக வழங்க வேண்டும் என்றும், அவற்றின் காலத்தை 365 நாள் வரை வைக்கலாம் என்றும் 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. நீண்டநாள் பயணிகளுக்கு ஏற்றது அந்த வகைதான். அதோடு ரோமிங் சேவை திறந்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி இருக்கிறது. வாடிக்கையாளர் வேறு தொகை கேட்டிருந்தால் ஒழிய, ரோமிங் டேட்டா கட்டணம் வரி நீங்கலாக 50 யூரோவைத் தொட்டால் நிறுவனம் டேட்டாவை நிறுத்த வேண்டும். 80 விழுக்காட்டைத் தொட்டதும் எச்சரிக்கையும் அனுப்ப வேண்டும். ஒரு தொகையை வாடிக்கையாளரே முன்கூட்டிக் குறித்து, அதைத் தொட்டதும் டேட்டா கண்டிப்பாக நிற்கும் ஏற்பாடு நம் நிறுவனங்கள் அனைத்திலும் ஒரே மாதிரி, செயலியிலேயே ஒரு பொத்தானாக இருக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையும் டிராயும் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய பில் வந்தே விட்டவர்களுக்கு: வாடிக்கையாளர் சேவையில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்ணை) கட்டாயம் வாங்குங்கள். பேக் போட்ட ரசீது, அந்நாட்டில் இறங்கியதும் வந்த வரவேற்பு எஸ்எம்எஸ், செட்டிங்ஸில் சிம் வாரியாகக் காட்டும் டேட்டா அளவு ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. வெளிநாட்டு நெட்வொர்க்கிலிருந்து ரோமிங் கணக்குத் தாமதமாக வந்து சேருவதும் உண்டு. முதல் பில்லில் ஒன்றும் இல்லையே என்று அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை அழித்துவிடாமல், அடுத்த பில்லும் வரும்வரை வைத்திருங்கள்.

இப்படிக்கு,
கைபேசிச் சேவைப் பணியாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.